இலச்சினையை மாற்றும் உரிமை யாருக்கு?

கடந்த ஆண்டு, ஒரு பல்கலைக்கழகத்தின் இலச்சினையைச் சீரமைப்பது பற்றி ஆராயும் குழுவில் உறுப்பினராக இருக்குமாறு என்னை அழைத்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதைத் தவிர அதற்கான தகுதி என்னிடம் எதுவும் இல்லை. ஓவியம் அறியேன், வடிவமைப்பும் அறியேன். முதல் கூட்டத்தில் பதிவாளர் அலுவலக ஊழியர் ஒருவர், பல துறைகளிலிருந்து திரட்டிய கடிதத்தாள்கள், விழா அழைப்பிதழ்கள், விடைத்தாள் முகப்புகள், அடையாள அட்டைகள் ஆகியவற்றை மேசையில் பரப்பிவைத்தார். எண்ணிப் பார்த்தோம். ஒரே இலச்சினை 14 வடிவங்களில் இருந்தது. ஒன்றில் விளக்கின் சுடர் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, இன்னொன்றில் வலப்பக்கம். சிலவற்றில் வட்டம் முட்டை வடிவமாக நசுங்கியிருந்தது. ஒரு துறை, குறிக்கோள் வாசகத்தில் ஓர் ஒற்றெழுத்தையே விட்டிருந்தது. அது தமிழ்த் துறை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. மூல ஓவியம் எங்கே என்று கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. வரைந்த ஓவியர் யார் என்பதும் பதிவேடுகளில் இல்லை.

ஆகவே, பழைய இலச்சினையில் கைவைப்பதே குற்றம் என்று வாதிடும் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன் நான். உலோக அச்சு வார்ப்பின் காலத்தில், பட்டச் சான்றிதழின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு அச்சிடுவதற்காக வரையப்பட்ட ஒரு படம், இன்று கைப்பேசித் திரையில் கடுகளவு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. இணைய உலாவியின் மேல்விளிம்பில் தோன்றும் சிறு குறியீட்டுக்கான அடிப்படை அளவு 16 படப்புள்ளிக்கு 16 படப்புள்ளி. அந்தச் சதுரத்துக்குள் கோபுரம், தாமரை, ஏடு, எழுதுகோல், உதயசூரியன், இரண்டு மொழிகளில் குறிக்கோள் வாசகம் ஆகிய அனைத்தையும் அடக்க முயன்றால் எஞ்சுவது ஒரு மைக்கறைதான். சீரமைக்க வேண்டிய தேவை உண்மையானது. ஆனால், சீரமைக்க வேண்டும் என்பதற்கும், யாரையும் கேட்காமல் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கும் இடையே பெரிய தொலைவு இருக்கிறது. அந்தத் தொலைவை ஒரே தாவலில் கடக்க முயன்ற நிறுவனங்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை நம் பல்கலைக்கழகங்கள் கவனிக்க வேண்டிய காலம் இது.

இந்தியாவில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்தது 2022 மார்ச்சில், அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தில். விக்ரம் சாராபாய், கஸ்தூர்பாய் லால்பாய் முதலியோரின் முயற்சியால் 1961-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் இலச்சினையில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, அந்நகரத்தின் சீதி சையது பள்ளிவாசலின் கல் சாளரத்தில் செதுக்கப்பட்ட மரம். 1570-களில், குஜராத் சுல்தானியத்தின் இறுதிக் காலத்தில், அபிசீனிய வம்சாவளியினரான சீதி சையது எழுப்பிய பள்ளிவாசல் அது. கல்லைக் குடைந்து, பின்னிப் பிணைந்த கிளைகளாக்கிய அச்சாளரம் அகமதாபாதின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இன்னொன்று, கல்வியைப் பயன்படுத்துவதால் விளையும் வளர்ச்சி என்று பொருள்படும் சமஸ்கிருத வாசகம். பள்ளிவாசல் சாளரமும் சமஸ்கிருத வாசகமும் ஒரே இலச்சினைக்குள் அருகருகே அமர்ந்திருந்ததை, நிறுவியவர்கள் விந்தையாக நினைக்கவில்லை. ஒரு நவீன மேலாண்மைக் கல்வி நிலையம் தன் ஊரிலிருந்தே தனக்கான படத்தை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்த மார்ச் மாதத்தில், ஆட்சிக் குழு இரண்டு புதிய இலச்சினைகளுக்கு ஒப்புதல் அளித்துவிட்டது என்ற தகவல் ஆசிரியர் அவையின் முன் வைக்கப்பட்டது. ஒன்று உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு, மற்றொன்று பன்னாட்டுப் பயன்பாட்டுக்கு என்றும், பின்னதில் சமஸ்கிருத வாசகம் இல்லை என்றும் செய்திகள் வந்தன. 45 ஆசிரியர்கள் கையெழுத்திட்டு ஆட்சிக் குழுவுக்குக் கடிதம் எழுதினார்கள். புதிய படம் அழகாக இல்லை என்பது அவர்களுடைய முதன்மைக் குறை அன்று. நிறுவனத்தின் அடையாளத்தை மாற்றும் முடிவு தங்களைக் கலந்துகொள்ளாமலேயே எடுக்கப்பட்டது என்பதுதான் குறை. முன்னாள் மாணவர்களும் குரல் எழுப்பினார்கள். அதே ஆண்டு ஜூனில் நிறுவனம் இறுதி வடிவத்தை அறிவித்தபோது, சமஸ்கிருத வாசகம் தன் இடத்தில் இருந்தது. சாளரமும் கோடுகள் குறைக்கப்பட்ட வடிவில் இருந்தது. அதாவது, மூன்று மாத மனக்கசப்புக்குப் பிறகு வந்து சேர்ந்த இடம், முதலிலேயே கலந்துபேசியிருந்தால் அமைதியாக வந்து சேர்ந்திருக்கக்கூடிய இடம்.

அந்தக் கோபத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 2020 டிசம்பரில், கட்டிடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்த அந்த வளாகத்தின் 18 மாணவர் விடுதிகளில் 14-ஐ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டத்தை அதே நிறுவனம் முன்வைத்தது. உலகெங்குமிருந்து கட்டிடக் கலைஞர்கள் எதிர்த்தபின், சில நாட்களிலேயே திட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. விடுதி விவகாரத்தில் ஒருமுறை சுட்டுக்கொண்டவர்கள், இலச்சினை விவகாரத்தில் தொடக்கத்திலேயே விழித்துக்கொண்டதில் வியப்பில்லை. இலச்சினைக்காக எழும் சண்டை பெரும்பாலும் இலச்சினையைப் பற்றியது மட்டுமாக இருப்பதில்லை.

இதற்கு ஆகச் சிறந்த சான்று கலிஃபோர்னியா. பத்து வளாகங்களைக் கொண்ட கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 2012-இல் ஒரு புதிய குறியீட்டை அறிமுகப்படுத்தியது. 1910 முதல் வழங்கிவரும் அதன் முத்திரையில் திறந்த நூலும், கதிர்வீசும் விண்மீனும், ஒளி உண்டாகட்டும் என்ற வாசகமும், 1868 என்ற தொடக்க ஆண்டும் உண்டு. புதிய குறியீடோ, நூலின் மேல்விளிம்பை நினைவூட்டும் ஒரு கேடய வடிவமும், அதற்குள் பாதி கரைந்த ஓர் ஆங்கில எழுத்தும் மட்டுமே. இணையத்தில் ஏளனம் பெருகியது. கணினி எதையோ ஏற்றிக்கொண்டிருக்கும்போது சுழலுமே, அந்தச் சுழல் வட்டம் என்றார்கள் சிலர். கழிப்பறையில் நீர் இறங்குவதுபோல் இருக்கிறது என்றார்கள் வேறு சிலர். 50,000-க்கும் மேற்பட்டோர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். அன்றைய துணை ஆளுநர் கேவின் நியூசமும் எதிர்ப்புத் தெரிவித்தார். டிசம்பர் 14 அன்று பல்கலைக்கழகம் அக்குறியீட்டின் பயன்பாட்டை நிறுத்திவைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது, பல்கலைக்கழகம் முத்திரையை நீக்கவே இல்லை என்பது. பட்டச் சான்றிதழ்களிலும் அலுவல்முறை ஆவணங்களிலும் பழைய முத்திரையே தொடரும், புதியது விளம்பரங்களுக்கும் இணையதளத்துக்கும் மட்டுமே என்று நிர்வாகம் திரும்பத் திரும்பச் சொன்னது. வெளியார் எவருக்கும் பெருந்தொகை கொடுக்கவும் இல்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த வடிவமைப்பாளர்களே வரைந்தார்கள். வடிவமைப்புத் துறையினர் பலர் அந்தப் பணியைப் பாராட்டவும் செய்தார்கள். எனினும் விளக்கம் எடுபடவில்லை. ஏன்?

உடனடிக் காரணம், அறிமுகக் காணொளி. பழைய முத்திரை புதிய குறியீடாக உருமாறுவதுபோன்ற காட்சியைப் பார்த்தவர்களிடம், மாற்றவில்லை என்று எவ்வளவு சொன்னாலும் அவர்கள் கண்ணைத்தான் நம்புவார்கள். ஆழமான காரணம் வேறு என்று நினைக்கிறேன். 2009-இல் அதே பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு கல்விக் கட்டணத்தை 32% உயர்த்த முடிவுசெய்திருந்தது. மாநில அரசின் நிதி சுருங்கிக்கொண்டே வந்தது. 2011 நவம்பரில், டேவிஸ் வளாகத்தில் அமைதியாகத் தரையில் அமர்ந்திருந்த மாணவர்கள்மீது காவலர் மிளகுத் திரவம் பீய்ச்சிய காட்சி உலகெங்கும் பரவியது. தன் மாணவர்களோடு இப்படி ஒரு கணக்கு நிலுவையில் இருக்கும்போது, ஒரு நிறுவனம் புதிய முகத்தோடு வந்து நின்றால், அந்த முகத்தின் அழகைப் பற்றி யார் பேசுவார்கள்? கட்டணத்தைக் குறைக்க மனுப் போட்டுத் தோற்றவர்களுக்கு, இலச்சினையை எதிர்ப்பது எளிதாகவும் வெல்லக்கூடியதாகவும் இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். இலச்சினை மாற்றும் ஆர்வம் இப்போது ஏன் இத்தனை வளாகங்களைப் பற்றிக்கொள்கிறது? விடை பெரும்பாலும் தரவரிசைப் பட்டியல்களில் இருக்கிறது. 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசையில், கல்வியாளர்களும் வேலை அளிப்போரும் ஒரு நிறுவனத்தைப் பற்றி என்ன கருதுகிறார்கள் என்பதற்கு 10% மதிப்பு உண்டு. கியூஎஸ் உலகத் தரவரிசையிலோ, கல்வியாளர்களிடையே உள்ள நற்பெயருக்கு 30%, வேலை அளிப்போரிடையே உள்ள நற்பெயருக்கு 15% என ஏறத்தாழ பாதி மதிப்பெண் கருத்துக்கணிப்பைப் பொறுத்தது. ஆய்வகம் கட்டப் பத்தாண்டு ஆகும். நல்ல ஆசிரியரைத் தேடி அமர்த்தி, அவர் ஆய்வு பேசப்படுவதற்கு இன்னும் அதிகம் ஆகும். புதிய இலச்சினையை மூன்று மாதத்தில் வெளியிட்டுவிடலாம். மூன்றாண்டுப் பதவிக்காலத்தோடு வரும் துணைவேந்தருக்கு இந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்?

எங்கள் குழுவுக்கு ஆலோசனை சொல்ல வந்த நிறுவனத்தார் 60 பக்கக் காட்சியுரை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் பல்கலைக்கழகத்தின் ஆளுமை, குரல், வண்ணங்களின் உணர்ச்சி என்றெல்லாம் இருந்தது. பழைய விளக்கு, பறவையாகவும் இலையாகவும் ஒரே சமயத்தில் தோன்றக்கூடிய ஏதோ ஒன்றாக மாறியிருந்தது. குறிக்கோள் வாசகம் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, சிறிய அளவில் படிக்க முடியாது என்பதால் எடுத்துவிட்டோம் என்றார் அந்த இளைஞர். அவர் சொன்னதில் தொழில்நுட்பத் தவறு இல்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. அவரிடம் கேட்கப்பட்டது ஒரு படம், அதை அவர் கொடுத்தார். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். எங்களிடமே அதற்கு விடை இல்லை.

இங்கேதான் முத்திரைக்கும் இலச்சினைக்கும் உள்ள வேறுபாடு தேவைப்படுகிறது. நாம் இரண்டையும் ஒன்றாகவே பேசிவிடுகிறோம். பல்கலைக்கழகங்களை நிறுவும் நம் சட்டங்களை எடுத்துப் பார்த்தால், தொடக்கப் பிரிவுகளிலேயே ஒரு தொடர் இருக்கும்: இப்பல்கலைக்கழகம் நிலையான தொடர்ச்சியும் பொது முத்திரையும் கொண்ட சட்டபூர்வ அமைப்பு என்று. முத்திரை என்பது அலங்காரம் அன்று. துணைவேந்தர்கள் மாறினாலும், ஆட்சிகள் மாறினாலும், இந்த ஆவணத்துக்குப் பொறுப்பேற்பது அதே நிறுவனம்தான் என்பதன் உறுதி அது.

தமிழருக்கு இது புதிய செய்தியும் அன்று. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜ சோழன் வழங்கிய செய்தியைச் சொல்லும் செப்பேடுகளை ஒரு வளையம் கோத்திருக்கிறது. வளையத்தின் இணைப்பில் புலியும் மீன்களும் வில்லும் பொறித்த சோழ முத்திரை. முத்திரையை உடைக்காமல் ஓர் ஏட்டைச் சேர்க்கவோ உருவவோ முடியாது. அச்செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று சேர்ந்ததால்தான் லெய்டன் செப்பேடுகள் என்ற பெயரே வந்தது. 1575-இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம், மினர்வா தேவியின் உருவம் கொண்ட தன் பழைய முத்திரையைத்தான் இன்றும் இலச்சினையாக வைத்திருக்கிறது. கோடுகளைத் துலக்கி, பக்கத்தில் தெளிவான எழுத்தில் பெயரை வைத்துக்கொண்டது. கைப்பேசியிலும் அது நன்றாகவே தெரிகிறது.

இலச்சினை அப்படி அன்று. அது அறிமுகத்துக்கு உரியது. விளம்பரப் பதாகையிலும், விளையாட்டு வீரரின் சட்டையிலும், சேர்க்கைக் கையேட்டின் அட்டையிலும் இருப்பது. காலத்துக்கேற்ப மாறலாம், மாற வேண்டியும் வரும். சிக்கல் எழுவது, இலச்சினைக்காகச் செய்த வேலை சந்தடியில்லாமல் முத்திரையின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்போது.

இது வெறும் கோட்பாட்டுப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு, என்னிடம் படித்த ஒரு மாணவியின் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன். அவர் முதுநிலைப் பட்டம் பெற்ற பல்கலைக்கழகம், அவர் படித்து முடித்த ஆண்டுக்கும் பட்டமளிப்பு விழா நடந்த ஆண்டுக்கும் இடையே இலச்சினையை மாற்றியிருந்தது. மதிப்பெண் சான்றிதழில் ஒரு படம், பட்டச் சான்றிதழில் வேறொரு படம். வெளிநாட்டில் பள்ளி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, சான்றிதழ்களைச் சரிபார்க்கும் முகமை இரண்டும் ஒரே நிறுவனத்துடையவை என்பதற்கு ஆதாரம் கேட்டது. மாற்றத்தை அறிவித்த ஆணையின் நகல் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அப்படி ஓர் ஆணையே பிறப்பிக்கப்படவில்லை. புதிய தாளை அச்சடிக்கச் சொல்லி அச்சகத்துக்குப் போன கடிதம் ஒன்றுதான் கோப்பில் இருந்தது. இறுதியில் பதிவாளரிடம் ஒரு சான்றுக் கடிதம் பெற நான்கு மாதங்கள் ஆயின. அதற்குள் அந்த வேலைக்கு வேறொருவர் சேர்ந்துவிட்டார். முதல் தலைமுறைப் பட்டதாரி அவர். வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் கழற்றி, அதைப் போலி இல்லை என்று நிறுவ அவர் அலைந்த அலைச்சல், எந்தக் காட்சியுரையின் 60 பக்கங்களிலும் இடம்பெறாது.

பெயர் விஷயத்திலும் இதுவே நடக்கிறது. 1829-இல் நிறுவப்பட்ட லண்டன் கிங்ஸ் கல்லூரி, தன் பெயரிலுள்ள கல்லூரி என்ற சொல் வெளிநாட்டு மாணவர்களைக் குழப்புகிறது என்று சொல்லி, கிங்ஸ் லண்டன் என்று அழைத்துக்கொள்ளும் திட்டத்தை 2014-இன் இறுதியில் அறிவித்தது. 10,000-க்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டனர். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ மூன்று லட்சம் பவுண்டு செலவாகியிருந்ததாக அன்றைய செய்திகள் கூறின. அங்கே தோற்றது ஒரு நல்ல யோசனையா, கெட்ட யோசனையா என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. கல்லூரி என்ற சொல்லால் உண்மையிலேயே குழப்பம் இருந்திருக்கலாம். ஆனால், அந்தப் பெயர் பொறித்த சான்றிதழை வைத்திருப்பவர்களிடம் கேட்பதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்ற எண்ணத்தை அதன் பின் எந்த விளக்கத்தாலும் துடைக்க முடியவில்லை.

கலந்துபேசினால் எதுவுமே நடக்காது, ஆளுக்கொரு நிறம் சொல்வார்கள் என்பது நிர்வாகத்தினரின் வழக்கமான பதில். இதில் பாதி உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு படத்தை வாக்கெடுப்பில் வரைய முடியாது. கோட்டின் தடிமனையும் எழுத்துருவையும் செனட் கூட்டத்தில் விவாதிக்கத் தொடங்கினால் விடிந்துவிடும். வரைவதை வரையத் தெரிந்தவரிடம்தான் விட வேண்டும். ஆனால், எவை மாறக் கூடாதவை என்பது வடிவமைப்பாளர் முடிவுசெய்ய வேண்டியது அன்று. அது நிறுவனத்தின் கேள்வி. குறிக்கோள் வாசகம் இருக்குமா, எந்த மொழியில் இருக்கும், ஊரையும் வரலாற்றையும் குறிக்கும் உருவம் எது, முத்திரை தனியே தொடருமா என்பனவற்றை ஆசிரியர்களும் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் ஊழியர்களும் சேர்ந்து பேசலாம். பேசி எழுதிய இரண்டு பக்கத் தீர்மானத்தை வடிவமைப்பாளர் கையில் கொடுத்தால், அவர் வேலையும் எளிதாகும். அகமதாபாதில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது: படம் முதலில் வந்தது, கேள்வி பிறகு வந்தது.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இலச்சினைக்கு ஆகும் செலவு வடிவமைப்பாளரின் கட்டணத்தோடு முடிவதில்லை. பெயர்ப் பலகைகள், பேருந்துகள், கடிதத்தாள், சான்றிதழ்த் தாளின் பாதுகாப்பு அச்சு, இணைப்புக் கல்லூரிகள் அத்தனையிலும் உள்ள பலகைகள் என்று அது கிளைத்துக்கொண்டே போகும். கௌரவ விரிவுரையாளருக்குச் சம்பளமும் ஓய்வுபெற்றோருக்கு நிலுவையும் உரிய நாளில் போய்ச் சேராத வளாகத்தில், வாசலில் மின்னும் புதிய பலகையை ஊழியர்கள் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கலிஃபோர்னியாவில் செலவே பெரிதாக இல்லாதபோதும் அந்தக் கோபம் கொதித்தது.

எங்கள் குழு அளித்த அறிக்கை எளியது. முத்திரையை மாற்ற வேண்டாம். மூல ஓவியம் தொலைந்துவிட்டதால், இருப்பதில் பழைமையான சான்றிதழை வைத்துத் திருத்தமாக மீள வரைந்து, அதுவே மூலம் என்று ஆட்சிக் குழு தீர்மானம் நிறைவேற்றட்டும். திரைகளுக்கும் விளம்பரங்களுக்கும் அந்த விளக்கை மட்டும் தனியே எடுத்து எளிய கோடுகளில் ஓர் இலச்சினை செய்துகொள்ளலாம். 14 வடிவங்களையும் திரும்பப் பெற வேண்டும். எதிர்காலத்தில் எந்த மாற்றம் வந்தாலும், அது நடைமுறைக்கு வரும் நாளைக் குறிப்பிட்டு ஆணை வெளியிட்டு, இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஒரே மாணவருக்குத் தரும் சான்றிதழ்கள் அனைத்திலும் ஒரே முத்திரை இருக்க வேண்டும் என்ற வரியை அந்த மாணவியை நினைத்துக்கொண்டு நான்தான் சேர்க்கச் சொன்னேன்.

அறிக்கை இன்னும் ஆட்சிக் குழுவின் முன் வைக்கப்படவில்லை. வளாகத்தின் முன்வாயில் வளைவில் பறவையும் இலையுமாகத் தோன்றும் அந்தப் புதிய படம் ஏறிவிட்டது என்று போன வாரம் தொலைபேசியில் ஒரு நண்பர் சொன்னார். பட்டமளிப்பு விழாவுக்கான சான்றிதழ்த் தாள் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன.